சாரதா இல்லத்துச் சகோதரி

பூதலூரைப் போலவே காவிரி நீரால் வாழும் தஞ்சைத் தரணியில் அமைந்த ரிஷியூர், சகோதரி சுப்பலட்சுமி அம்மையார் குடும்பத்தாரின் பூர்விக ஊராகும். அம்மையார் 1886ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர், தாய் விசாலாட்சி. இளம் பருவத்திலேயே மணம் முடித்து வைத்தனர். இல்லறம் இன்னதென்று அறியுமுன்பே கைம்மை வந்து சேர்ந்தது. அந்நாளில் இத்தகைய சிறுமியரின் தலையை மழித்து அடுக்களை மூலையில் இருத்துவதே வழக்கம். அவ்வழக்கத்திற்கு உடன்படாத பெற்றோர் மகளைப் படிக்க வைத்தனர். 1911இல் மாநிலக் கல்லூரியில் தேறி, சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி என்னும் சிறப்பினை அவர் எய்தினார்.

தமக்குக் கிட்டிய கல்வி தம்மை ஒத்த சிறுமியர்க்கும் கிட்ட வேண்டும் என்று அவர் துணிந்தார். 1912இல் சாரதா மகளிர் சங்கம் தோன்றியது. கைம்பெண் சிறுமியர் சிலருக்குத் தம் வீட்டிலேயே புகலிடம் தந்தார். தாயின் தங்கையும் தம்மைப் போலவே கைம்மை உற்றவருமான வாலாம்பாள் அவருக்கு உறுதுணையாக நின்றார். பாடம் சொல்லித் தரும் பொறுப்பு ஒருவருடையது. பசியறிந்து சோறிடும் பொறுப்பு மற்றவருடையது. பின்னர் இல்லம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் மாளிகைக்கு இடம்பெயர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக எழுப்பப்பட்ட கட்டடம் அது.

அவ்வில்லம் பிராமணக் கைம்பெண்களுக்கென்றே தொடங்கப்பட்டது. ஆசாரங்களும் அங்குப் பேணப்பட்டன. இதனைக் குறையென்பார் கூற்றைப் புறந்தள்ளுதல் இயலாது. எனினும், ஆசாரம் கெடும் என்று அஞ்சியே பெற்றோர் தம் பெண்களை அனுப்பத் தயங்கினர். அவ்வச்சத்தைத் தணிக்காமல் அச்சிறுமியரை வீட்டுப் படி தாண்டச் செய்திருக்க முடியாது. ஆசாரம் போற்றியோரோ அவர் காட்டிய அந்த இணக்கத்தையும் ஏற்கவில்லை. கைம்பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று பழித்தனர். இரு தரப்பாரின் சொல்லையும் பொறுத்துக்கொண்டு அவர் தம் பணியைத் தொடர்ந்தார். அருகிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் கல்வி கிடைக்க வழி செய்தார்.

1922இல் தோன்றிய லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. இல்லத்தில் பயின்ற பெண்கள் பலர் ஆசிரியைகளாயினர். பிறர் தயவில் உண்டவர்கள் தம் ஊதியத்தில் உண்டனர். 1927இல் சாரதா வித்யாலயம் எழுந்தது. முதிய வயதில், 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையில் பணியாற்றினார். தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் கிராமப் பெண்களுக்கான நலப்பணியிலும் ஈடுபட்டார். 1958இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது.

1969 டிசம்பர் 20ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அவர் வயிற்றில் பிறந்த மக்கள் இல்லை. அவரிடம் பயின்று, வகுப்பறைகளில் நின்று பிறர் மக்களுக்கு எழுத்தறிவித்த பெண்களே அவருடைய வழித்தோன்றல்கள் ஆவர்.