வணிகத்தில் அறம் காத்த வ.உ.சிதம்பரம்பிள்ளை

பாலாவிக் கரையிலே கௌரியம்பாள் சமேதராய்த் திருக்கேதீச்சரநாதர் வீற்றிருக்கும் நம் மாதோட்ட மண்ணுக்கும் எதிர்க்கரையிலுள்ள தூத்துக்குடிக்கும் இடையே கிடப்பது ஒரே மன்னார் வளைகுடாதான். பாழடைந்து கிடந்த திருக்கேதீச்சரத்தை மீட்க வேண்டுமென்று ஆறுமுக நாவலர் பெருமான் சைவ மக்களை வேண்டிக் குரல் கொடுத்த அதே 1872ஆம் ஆண்டில், அக்கரையிலே ஒட்டப்பிடாரத்தில் ஒரு சைவப் பெருமகன் பிறந்தார். உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாக 05.09.1872இல் தோன்றிய அவரே வ.உ.சிதம்பரம்பிள்ளை அவர்கள்.

செக்கிழுத்த செம்மல் என்று அவரை நாம் யாவரும் அறிவோம். ஆனால் அவர் ஒரு வணிகர் என்பதையும், எத்தகைய வணிகர் என்பதையும் அறிந்தோர் குறைவே.

வழக்கறிஞராக நன்கு சம்பாதித்து வந்த பிள்ளையவர்கள், உள்ளூர்க் கைகள் செய்யும் பொருளை உள்ளூரார் வாங்கினாலன்றி நாடு உய்யாது என்று துணிந்தார். அதற்காகத் தரும சங்க நெசவுச்சாலை, சுதேசிப் பண்டகசாலை ஆகியவற்றை நிறுவினார். எல்லாவற்றுக்கும் மேலாக, 16.10.1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து இலட்சம் ரூபா. பங்கொன்று 25 ரூபாவாக 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் இஸ்லாமியப் பெரியார் தனியொருவராக 8,000 பங்குகளை வாங்கினார். சமயம் வேறாயினும் நோக்கம் ஒன்றாக இருந்ததைக் கவனிக்க வேண்டும்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல் வணிகம் அந்நாளில் ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றின் கையில் இருந்தது. சுதேசிக் கம்பெனி முதலில் வாடகைக்கு எடுத்த கப்பல்கள் அவர்களின் நெருக்குதலால் கிடைக்காமற் போயின. பிள்ளையவர்கள் மனந்தளராது கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். பின்னர் பம்பாய் சென்று முயன்று, காலியா, லாவோ எனும் இரு கப்பல்களைக் கம்பெனிக்குச் சொந்தமாக்கினார்.

எதிர்த்தரப்பு கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு ஏற்றியது. அவர்களோ இலவசமாக ஏற்றி, குடையும் கொடுத்தார்கள்! பிள்ளையவர்களைப் பணத்தால் வளைக்கவும் முயன்றார்கள். அவர் இணங்கவில்லை.

1908 பெப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். தாமும் ஒரு முதலாளியாக இருந்தபோதிலும் பிள்ளையவர்கள் தொழிலாளர் பக்கமே நின்றார். சில நாட்களில் நிருவாகம் இறங்கி வந்தது. ஆனால் 12.03.1908இல் அவர் கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டிலே குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையிலே செக்கிழுத்தார். அவர் உள்ளே இருந்த காலத்திலேயே, 1911இல் கம்பெனி கலைந்தது. காலியா கப்பல் போட்டிக் கம்பெனியின் கைக்கே விலை போயிற்று.

1912 டிசம்பரில் வெளிவந்தவருக்கு வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையிலே மண்ணெண்ணெய் விற்றுங்கூட வறுமை தீரவில்லை. தென்னாபிரிக்கத் தமிழர் அவருக்கென்று சேர்த்துக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்த பணம் 347 ரூபா 12 அணா. அதற்காகப் பலமுறை கடிதம் எழுதி, 1916இலேதான் பெற்றார். இலட்சக்கணக்கான ரூபாவைத் திரட்டிக் கப்பல் வாங்கிய மனிதருக்கு முந்நூற்றுச் சொச்ச ரூபா பெரிதாயிருந்தது என்றால், ஊர்ப் பணத்தில் அவர் தமக்கென எதையும் ஒதுக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

வறுமையிலும் அவர் தமிழையும் சைவத்தையும் கைவிடவில்லை. திருக்குறளுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். சிவஞான போதத்துக்குத் தாமே உரை எழுதி 1935இல் வெளியிட்டார். 18.11.1936இல் சிவபதம் அடைந்தார். அதற்கு முன் எழுதிய உயிலிலே, கடைகளுக்குத் தாம் கொடுக்க வேண்டிய சிறு கடன்களையும் மறவாமல் குறித்து வைத்தார்.

அடியேன் கச்சேரியில் எழுதுவினைஞராகப் பல ஆண்டுகள் பேரேடுகளோடு காலங்கழித்தவன். கூட்டல் சரியாக வந்தாற் போதும், கணக்கு நேர்மையானது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த உயிலைப் பற்றி அறிந்த பின்னரே, கொடுக்க வேண்டியதை மறைக்காமல் எழுதுவதே கணக்கு என்று விளங்கிற்று. நம் ஆலயத்துக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் பெருந்தொகையும், வயல் வேலைக்குப் போகும் ஒரு தாய் முந்தானையில் முடிந்து வந்து தரும் நூறு ரூபாவும் ஒரே ஏட்டில்தான் பதியப்படுகின்றன. திருப்பணி செய்யும் நாமும், தொழில் தொடங்க எண்ணும் நம் பிள்ளைகளும், இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் அந்த ஏட்டை எவர் முன்னும் விரித்துக் காட்டக்கூடியவர்களாக இருத்தல் வேண்டும். அதற்கு எம்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.