காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார்

தைத் திங்கள் பிறந்துவிட்டால் எம்மூராகிய சின்னாளப்பட்டியை ஒட்டிச் செல்லும் மதுரைச் சாலை இரவிலும் உறங்குவதில்லை. தெற்கேயிருந்து பழனியை நோக்கி நடந்து வரும் அடியார் கூட்டம் சிறுமலையின் அடிவாரத்தைக் கடந்து திண்டுக்கல் நோக்கிச் செல்லும். பகல் வெயிலில் களைத்தவர் மாலைக் குளிரில் மீண்டும் எழுந்து நடக்கும்போது பாட்டும் உடன் எழும். ஒருவர் முன்னே எடுத்துக் கொடுப்பார். பின்வருவோர் வாங்கிப் பாடுவர். சிறுவயதில் சாலையோரம் நின்று அப்பாட்டுக்களைக் கேட்ட எமக்கு ஒரு செய்தி மட்டும் நெடுநாள் விளங்கவில்லை. தாடி வளர்த்துத் தோளிற் காவடி சுமந்து கால் கொப்புளிக்க நடக்கும் ஆடவர், காதலனைக் காணாது வருந்தும் ஓர் இளம்பெண்ணின் குரலில் தோழியை விளித்துப் பாடுவது ஏன் என்பதே அது.

யாம் கிறிஸ்தவ மரபில் வந்தவர். காவடி எடுத்தவர் எம் குடும்பத்தில் எவருமிலர். ஆயினும் எம் பாட்டனார் தறிக்குழியில் அமர்ந்து நாடா ஓட்டுங்கால் அதே மெட்டை வாய்க்குள் முனகுவார். மிதியின் ஓசையும் மெட்டின் தாளமும் பிசகாமல் ஒன்றும். அஃது ஏதோ ஒரு கீர்த்தனை என்றே யாம் எண்ணியிருந்தோம். கல்லூரியிற் சேர்ந்து சிந்து இலக்கியம் பாடமாக வந்தபின்னரே, பாட்டனாருடைய மெட்டும் சாலையிற் கேட்ட மெட்டும் ஒன்றே என்பதும், அதற்குரியவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் என்பதும் தெரிந்தன. அவர் இருபத்தாறு வயதளவே வாழ்ந்தவர் என்று அறிந்தபோது எமக்குண்டான வியப்பைச் சொல்லி முடியாது. எம்மினும் ஏழாண்டே மூத்த ஒருவர் அத்துணைப் பாட்டையும் பாடிவிட்டுப் போயிருக்கிறார்! அவருடைய சரித்திரத்தை நம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைக்கத் துணிந்ததற்கு அவ்வியப்பே காரணம்.

அண்ணாமலை ரெட்டியார் 1865-ஆம் ஆண்டில், அக்காலத் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சென்னிகுளம் என்னும் சிற்றூரிலே பிறந்தார். சங்கரன்கோயிலுக்கும் கரிவலம்வந்தநல்லூருக்கும் அணித்தாயுள்ள ஊர் அது. கரிசல் மண், வானம் பார்த்த வேளாண்மை, திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கல்வி. அவ்வூர்ச் சிறுவர்க்கு அமைந்த வாழ்வு ஏர்க்காலுடன் முடிவது. ஆனால் இவருக்குத் தமிழில் மூண்ட விருப்பம் ஊரெல்லையோடு நின்றுவிடவில்லை. இளமையிலேயே செய்யுளியற்றப் பழகிய இவர், சோழநாட்டிலுள்ள திருவாவடுதுறை ஆதீனத்தைத் தேடிச் சென்றார்.

அக்காலத்தில் திருவாவடுதுறை என்பது ஒரு மடம் மட்டுமன்று. இன்றைய கல்லூரி எதுவும் நாணத்தக்க தமிழ்க் கழகம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1876-இல் மறைந்தபின்னும், ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் தம் ஆதரவால் அங்குப் பாடஞ் சொல்லுதலும் கேட்டலும் குன்றாது நடைபெற்றன. அண்ணாமலை ரெட்டியார் தேசிகரிடத்தும் உ. வே. சாமிநாதையரவர்களிடத்தும் பாடங் கேட்டார். சாமிநாதையர் இவரினும் பத்தாண்டு மூத்தவர். ஆசிரியர் பழைய ஏடுகளைத் தேடி அச்சேற்றி எண்பத்தேழு வயதளவும் வாழ்ந்தார். மாணாக்கரோ அவ்வேடுகளுட் பல அச்சேறுமுன்பே மறைந்தார்.

கல்வி முற்றித் தென்னாடு மீண்ட இளம்புலவரை ஆதரித்தவர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர். வீரகேரளம்புதூரில் வாழ்ந்த இவர் புலவரைப் போற்றியதோடு தாமும் தமிழை நுகரவல்லவர். ஏடு தேடி அலைந்த சாமிநாதையரவர்களும் ஊற்றுமலைக்குச் சென்றதுண்டு. இத்தகையோரின் அவையில் ஓர் இருபது வயது இளைஞர் இடம்பெறுவதாயின், அவர் கவித்திறம் எத்தகையதாதல் வேண்டும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

அவ்வவைக்கேற்ற நூல்களையே ரெட்டியார் முதலிற் பாடினார். சங்கரநாராயணர் கோயில் திரிபந்தாதி, கருவை மும்மணிக்கோவை முதலியன அவர் இயற்றியவை. திரிபந்தாதி என்பது எளிய வேலையன்று. ஒரு செய்யுளின் நான்கடியிலும் முதலெழுத்து மட்டும் வேறுபட, அடுத்த எழுத்துக்கள் பல ஒன்றாகவே வந்து பொருள் வெவ்வேறாதல் வேண்டும். ஒரு செய்யுளின் முடிவு மறு செய்யுளின் முதலாதலும் வேண்டும். புலவர் தம் ஆற்றலைப் புலவர்க்கே காட்டும் துறை இது. உண்மையைச் சொன்னால், உரையின்றி அதனுள் நுழைய எம்மால் இயலவில்லை. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் இவ்வாறு கூறுவது நாணத்தக்கதே. ஆயினும் எம் வகுப்பில் மறுப்பார் எவருமிலர்.

இத்தகைய புலவர் காவடிச் சிந்து பாடப் புகுந்தது எவ்வாறு? மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்து நடந்து சென்றபோது உடன்சென்ற ரெட்டியார் வழிநடையின் களைப்புத் தீர இப்பாட்டுக்களைப் பாடினார் என்று தென்னாட்டார் சொல்லி வருகின்றனர். வழிநடைச் சிந்து என்று ஒரு வகை முன்னமே தமிழிலுண்டு. நெடுவழி செல்வோர் இடைவழிக் காட்சிகளைப் பாடிக்கொண்டே நடப்பதற்காக எழுந்தது அது. கள்வன் ஒருவன் காலிழந்து திருந்திய கதையைக் கூறும் நொண்டி நாடகங்கள் நொண்டிச் சிந்தால் அமைந்தன. காவடி சுமப்போரும் தமக்கென மெட்டுக்களை வைத்திருந்தனர். ஆனால் அவை ஏட்டிலேறாத பாமரர் பாட்டு. அவற்றை எடுத்துப் புலவர் அவையிலும் வைக்கத்தக்க இலக்கியமாக்கியவர் ரெட்டியாரே.

சிந்தின் அமைப்பு சிறிது அறியத்தக்கது. அளவொத்த இரண்டடிகள் ஓரெதுகையாய் வருவதும், இடையே தனிச்சொல் நிற்பதும் அதன் இயல்பு. நடப்பவனுக்கு வலக்கால் ஓரடி, இடக்கால் ஓரடி. தனிச்சொல் வருமிடத்து மூச்சு வாங்கிக் கொள்ளலாம். இவ்வுவமை எமதே, பேராசிரியர் மன்னிப்பாராக. அந்த எளிய அளவுக்குள் ரெட்டியார் திரிபிலும் மடக்கிலும் பழகிய தம் செவியை முழுதும் இறக்கிவைத்தார். எதுகையும் மோனையும் இயைபும் அடுக்கடுக்காய் வந்து விழுகின்றன. அருணகிரிநாதர் திருப்புகழில் ஓடும் சந்தம் இங்கே மண்சாலையில் இறங்கி நடக்கிறது. அந்தாதி பாடிப் பெற்ற பயிற்சி வீணாகவில்லை; சிந்திலேதான் அது கனிந்தது என்பது எம் துணிபு.

கழுகுமலை இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. சுற்றிலும் கரிசல் வெளி. நடுவே ஒற்றைப் பாறைக்குன்று. அடிவாரத்திற் குடைவரைக் கோயிலாக முருகன் சந்நிதி. குன்றின்மேல், பாண்டியர் காலத்தில் ஒரே பாறையைக் குடைந்து செய்யத் தொடங்கி நிறைவேறாது விட்ட வெட்டுவான் கோயிலும், பாறையிற் செதுக்கிய சமணத் திருவுருவங்களின் நீண்ட வரிசையும் உள்ளன. காவடிச் சிந்தின் முற்பகுதி முருகன் துதியும், நகர் வளமும், கோயில் வளமும், மலை வளமுமாக அமைந்தது. நடப்போர் தொலைவிலிருந்து குன்றைக் காண்பது முதல் கோயில் வாயிலை அடைவது வரையில் அப்பாட்டுக்கள் உடன் வருகின்றன.

அப்பால் தொடங்குவதே காதற்பாட்டு. தலைவி தோழியிடம் முறையிடுகின்றாள். தன்பொருட்டுத் தூது செல்லுமாறு வேண்டுகின்றாள். நிலவையும் தென்றலையும் நொந்துகொள்கின்றாள். தலைவன் தலைவியின் அழகை வியக்கின்றான். சங்க இலக்கியம் கற்றார்க்கு இவை புதியன அல்ல. மாணிக்கவாசகர் திருக்கோவையாரில் நானூறு பாட்டும் இத்துறைகளே. முருகனோ தினைப்புனத்தில் வள்ளியைக் களவிற் கூடி மணந்தவன். அவனைக் காதற்றலைவனாக வைத்துப் பாடுவது பிற தெய்வங்களைப் பாடுவதினும் இயல்பாய்ப் பொருந்துகிறது. வேறுபாடு எங்கேயெனில், இவருடைய தலைவி குறிஞ்சி நிலத்துச் செய்யுள் நடையிற் பேசுவதில்லை. திருநெல்வேலித் தெருவில் அண்டை வீட்டுப் பெண் தன் தோழியிடம் வாய்விட்டுப் பேசுவதுபோற் பேசுகின்றாள். கோபமும் உண்டு, கேலியும் உண்டு; வெட்கத்தை ஒரு கையால் விலக்கிவிட்டுப் பேசுவதும் உண்டு.

இப்பகுதியை மாணவர் படித்தலாகாது என்று எம் உறவினர் ஒருவர் கடிந்துரைத்தார். சிருங்காரம் மிகுந்தது என்பது அவர் கூறிய குற்றம். எமக்கு உடனே நினைவு வந்தது நம் வேதாகமத்திலுள்ள உன்னதப்பாட்டு. இரவில் நகரத்துத் தெருக்களிலே தன் நேசரைத் தேடித் திரியும் அப்பெண்ணை ஆன்மாவென்றும் சபையென்றும் பொருள்கொண்டு போற்றும் நாம், கழுகுமலைத் தலைவியை மட்டும் வாசலில் நிறுத்துவது நீதியாகாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் குறவஞ்சி என்னும் காதல் நாடக வடிவத்தையே எடுத்துப் பெத்தலேகம் குறவஞ்சி பாடினார். ரெட்டியாரின் தலைவி பக்தியால் உருகுகிறாளா, காதலால் உருகுகிறாளா என்று பிரித்தறிய யாம் முயன்றதுண்டு. முடியவில்லை. பிரிக்க முடியாதவாறு பாடியதே அவர் செய்த வேலை என்று இப்போது கருதுகிறோம்.

1891-ஆம் ஆண்டில் ரெட்டியார் காலஞ்சென்றார். மடங்களிலும் ஜமீன்களிலும் பெரும்புலவராய் முதிர்ந்திருக்க வேண்டிய வயது இனிமேல்தான் வரவேண்டியிருந்தது. அவ்வயது அவருக்கு வரவில்லை. ஆனால் பாட்டுக்குப் புலவர் துணை தேவைப்படவில்லை. அது தானே நடந்து சென்றது.

அது சென்ற வழிகள் பல. ரெட்டியாரினும் இரண்டாண்டு இளையவரான தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள் நாடக மேடைக்கு வந்தபோது, மக்கள் வாயிற் பழகிய சிந்து மெட்டுக்கள் மேடையேறின. அவருடைய வள்ளி திருமணம் திண்டுக்கல், மதுரைச் சீமைத் திருவிழாக்களில் விடியுமளவும் நடிக்கப்படும் நாடகம். வேலனும் வள்ளியும் வாதாடும் காதற்சுவையைக் கேட்போர் ரெட்டியாரின் தலைவியை நினையாதிரார். ரெட்டியார் மறைந்த ஆண்டில் எட்டயபுரத்தில் எட்டு வயதுச் சிறுவராயிருந்த சுப்பிரமணிய பாரதியார், பிற்காலத்தில் சிந்து நடையைத் தேசத் தொண்டுக்குத் திருப்பினார். பாஞ்சாலி சபதத்தில் நொண்டிச் சிந்தே மிகுதி. கழுகுமலையோ எட்டயபுரம் ஜமீனுக்குட்பட்ட தலம். அச்சிறுவர் செவியில் காவடிப் பாட்டு விழாதிருந்திருக்குமோ?

பின்னர்க் கச்சேரி மேடையினர் இதனை எடுத்தனர். பெரும் இராகங்களைப் பாடி முடித்தபின், கேட்போர் எழுந்து போகாவண்ணம் இறுதியில் பாடும் சிறு உருப்படிகளுள் காவடிச் சிந்தும் ஒன்றாயிற்று. செஞ்சுருட்டி இராகம் அதற்கு உரிமை பூண்டது. பரதநாட்டியம் ஆடுவோர் தலைவியும் தோழியும் பேசும் பாட்டுக்களை அபிநயத்திற்கு எடுத்துக்கொண்டனர். 1985-இல் வெளிவந்த சிந்து பைரவி என்னும் திரைப்படத்தில், இளையராஜா இசையில் சித்ரா பாடிய ஒரு பாட்டில் சிந்து என்னும் பெயருடைய பெண் தன்னையே காவடிச் சிந்தாக உருவகித்துத் தன் பிறப்பின் துயரைச் சொல்லுகின்றாள். ரெட்டியாரின் பெயர் அறியாத பல்லாயிரவர் அச்சொல்லை அப்பாட்டால் அறிந்தனர்.

எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினாரல்லர் என்பதே எம்மை மிகவும் கவர்ந்தது. நடப்போர் தாளத்தை எடுத்துக்கொண்டு சொல்லைச் சில இடங்களில் விழுங்கிவிடுகின்றனர். கச்சேரியிற் பாடுவோர் இசையை இழைத்து இழைத்து நடையைத் தளர்த்துகின்றனர். ஆடுவோர்க்குச் சொல்லே பெரிது. ஒரு சொல்லுக்குப் பத்து முறை கை காட்டுகின்றனர். எம் பாட்டனாரோ சொல்லை முழுதும் விட்டுவிட்டு மெட்டை மட்டும் வைத்துக்கொண்டார். அவர் ஒருபோதும் கழுகுமலையைக் கண்டவரல்லர். இவற்றுள் எதனைப் புலவர் ஒப்புவாரென்று எம்மைக் கேட்டால், காவடிக்காரர் பக்கமே சாய்வோம். களைத்த கால்களுக்கென்று பிறந்த பாட்டன்றோ அது?

சென்ற தைத் திங்களில் ஓரிரவு யாம் சாலையோரம் நின்றிருந்தோம். ஒரு கூட்டத்தில் இளைஞர் சிலர் கைப்பேசியைச் சிறிய ஒலிபெருக்கியோடு இணைத்துப் பாட்டை வைத்துக்கொண்டு நடந்தனர். சிறிது தொலைவில் அதன் மின்கலம் தீர்ந்து பாட்டு நின்றது. அப்போது பின்னாலிருந்து ஒரு முதியவர் விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார். கழுகுமலை என்று வருமிடத்தில் அவர் பழனிமலை என்று மாற்றிப் பாடியதும், மாற்றிய சொல்லுக்கு இடம் போதாமையால் தனிச்சொல்லைச் சற்றே நீட்டிக்கொண்டதும் தெளிவாய்க் கேட்டன. இளைஞர் நால்வரும் அவர் மாற்றியவாறே வாங்கிப் பாடிக்கொண்டு திண்டுக்கல் பக்கமாகச் சென்றனர்.