கேமரன் மலையில் மறைந்த பட்டு வணிகர்

அமெரிக்காவில் 1906இல் பிறந்த ஜிம் தாம்சன், போர் முடிந்தபோது ராணுவ உளவு அதிகாரியாகப் பேங்காக் வந்தவர். மலிவான ஆலைத் துணியால் அங்கு கைத்தறிப் பட்டு நசிந்துகொண்டிருந்தது. பான் குருவா என்ற கால்வாயோரக் கம்பத்தில் சாம் முஸ்லிம் நெசவாளர்கள் சிலர் மட்டும் விடாமல் நெய்துவந்தனர். தாம்சன் அவர்களுக்குச் சாயம் போகாத வண்ணங்களை அறிமுகப்படுத்தினார். பட்டை நியூயார்க்குக்குக் கொண்டுபோய்க் காட்டினார். 1948இல் கம்பெனி தொடங்கிய பிறகும் நெசவாளர்களைத் தொழிற்சாலைக்குள் அடைக்கவில்லை. பெண்கள் வீட்டிலிருந்தபடியே, வீட்டு வேலை போக மிஞ்சிய நேரத்தில் நெய்து சம்பாதித்தார்கள். அவசரத்துக்கு அங்கே இடமில்லை. அவர் செய்த பெரிய காரியம் அதுதான்.

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. விடுமுறைக்கு வந்து தானா ராத்தாவில் மூன்லைட் பங்களாவில் தங்கியிருந்தவர், பிற்பகலில் வெளியே போனார், திரும்பவில்லை. போலீஸும் ராணுவமும் ஓராங் அஸ்லி மக்களும் காடெல்லாம் தேடியும் தடயமே கிடைக்கவில்லை. பின்னாளில் கம்பெனி நெசவைப் பாக் தோங் சாய்க்கு மாற்றியது. பான் குருவாவில் தறிகள் குறைந்தன.