குறிஞ்சி ஆண்டவருக்குப் பின்னால் ஓர் இலங்கைக்காரர்

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகாத கொடைக்கானல்காரர் இருக்க மாட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைப் பற்றி டூரிஸ்ட்களிடம் ஆளாளுக்குக் கதை சொல்வோம். ஆனால் அந்தக் கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டால் நம்மில் பாதிப்பேர் முழிப்போம். 1936ல் அதைக் கட்டியவர் லீலாவதி அம்மையார். பிறப்பால் வெள்ளைக்காரப் பெண்மணி. சைவத்தை ஏற்று, ஒரு இலங்கைத் தமிழரை மணந்தவர். அந்தக் கணவர்தான் சர் பொன்னம்பலம் இராமநாதன். கோயில் எழும்புவதற்கு முன்பே, 1930ல் அவர் காலமாகிவிட்டார். அவருடைய வாழ்க்கையைத்தான் இந்த மலரில் என் நண்பர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் தாத்தா, பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேறி வந்து, இந்த மலையில் வாட்டில் மரப் பட்டை உரித்துப் பிழைத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். ஹாஸ்டலில் எனக்குப் பேரே சிலோன்தான்! இந்தியா – இலங்கை மேட்ச் என்றால் நீ எந்த டீமுடா என்று ஒரு கும்பல் சூழ்ந்துகொள்ளும். நான் பழக்க தோஷத்தில் தேத்தண்ணி என்று சொல்லிவிட்டால் போதும், தெனாலி படத்துக் கமல் மாதிரி பேசிக் காட்டு என்பார்கள். அது யாழ்ப்பாணப் பேச்சு, எங்க வீட்டுப் பேச்சு அப்படி இல்லை என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? நானும் சும்மா விடுவதில்லை. அவரவர் ஊர்ப் பேச்சை இழுத்துத் திருப்பிக் கொடுப்பேன். எல்லாரும் சிரிப்போம்.

இப்போது இராமநாதனுக்கு வருவோம். 1851ல் கொழும்பில், செல்வாக்கான குடும்பத்தில் பிறந்தார். கொழும்பில் படித்துவிட்டுச் சென்னை பிரசிடென்சி காலேஜில் சேர்ந்தார். பிறகு கொழும்பில் வக்கீலானார். 1879ல், இருபத்தெட்டு வயதிலேயே சட்டசபை உறுப்பினர். 1892 முதல் 1906 வரை சொலிசிட்டர் ஜெனரல். ஆனாலும் அவருடைய குரு தஞ்சாவூரைச் சேர்ந்த அருட்பரானந்த சுவாமிகள். இரண்டு கரையும் அவருக்குச் சொந்த ஊர்தான்.

தான் சைவராக இருந்தும், புத்த மதத்தவரின் வெசாக் திருநாளுக்கு அரசு விடுமுறை வேண்டும் என்று குரல் கொடுத்தார். 1885ல் அது கிடைத்தது. 1911ல் படித்த இலங்கையருக்கென்று சட்டசபையில் ஒரு இடம் ஒதுக்கி முதல் தேர்தல் நடந்தது. ஓட்டுப் போட்டவர்களில் சிங்களவர்தான் அதிகம்; எதிர்த்து நின்ற மார்க்கஸ் பெர்னாண்டோவும் சிங்களவர். ஜெயித்தவரோ இராமநாதன்!

1915ல் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் மூண்டது. வெள்ளைக்கார அரசு ராணுவச் சட்டம் போட்டு, கண்டபடி சுட்டது. டி.எஸ்.சேனாநாயக்கா உட்படச் சிங்களத் தலைவர்கள் பலரை ஜெயிலில் போட்டது. முதல் உலகப் போர் நடந்த நேரம். கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களின் பயம். அறுபத்து நான்கு வயது இராமநாதன் அதையும் மீறி லண்டனுக்குக் கப்பலேறி, சிங்களவருக்காக நியாயம் கேட்டார். திரும்பி வந்தபோது வண்டியில் பூட்டியிருந்த குதிரைகளை அவிழ்த்துவிட்டு, சிங்களத் தலைவர்களே அவரை இழுத்துச் சென்றார்கள்.

இவ்வளவையும் படித்துப் பெருமைப்பட்டேன். ஆனால் இத்தோடு நிறுத்தினால் முழு உண்மை ஆகாது.

1888ல் இலங்கை முஸ்லிம்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அவர்கள் இனத்தால் தமிழர்களே, மதம் மட்டும்தான் வேறு என்றார். அவர் அதை உறவு கொண்டாடிச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாங்கள் யார் என்று எங்களைக் கேட்காமலே நீ எப்படிச் சொல்லலாம் என்று முஸ்லிம்கள் கொதித்தார்கள். ஐ.எல்.எம்.அப்துல் அஸீஸ் மறுப்பு எழுதினார். 1915ல் கடை எரிந்து நின்றவர்களுக்காக அவர் இதே வேகத்தில் பேசவில்லையே என்ற மனக்குறையும் சேர்ந்துகொண்டது.

எல்லாருக்கும் ஓட்டுரிமை என்று டொனமூர் குழு 1928ல் சொன்னபோதும் அவர் எதிர்த்தார். அவர் இறந்த மறுவருஷம், 1931ல் அது வந்தேவிட்டது. பெரிய வீட்டுக்கும் எங்கள் லயத்துக்கும் தூரம் அதிகம்தான். அந்தத் தூரத்தைக் கொஞ்சம் குறைத்தவர் அவருடைய தம்பி அருணாசலம். தோட்டத் தொழிலாளியைக் கடனில் கட்டிப் போட்ட துண்டு முறையை எதிர்த்துப் போராடினார். 1921ல் அது ஒழிந்தது. தம்பி 1924ல் கண்மூடியது நம்ம மதுரையில்!

இராமநாதன் கல்விக்குச் செய்ததை யாராலும் குறை சொல்ல முடியாது. 1913ல் பெண்களுக்கென்று இராமநாதன் கல்லூரி. 1921ல் பரமேஸ்வராக் கல்லூரி. 1974ல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அந்த இடத்தில்தான் தொடங்கியது.

அவருக்குத் தெரியாமல் போன ஒன்று உண்டு. யாருக்காகக் கடல் தாண்டிப் போனாரோ, அந்த சேனாநாயக்கா பிற்பாடு சுதந்திர இலங்கையின் முதல் பிரதமரானார். 1948ல் அவருடைய அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தோட்டத் தமிழர் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. அங்கே எங்கள் ஆட்களுக்குக் கள்ளத்தோணி என்று பேர். இங்கே வந்தால் சிலோன்காரன். அங்கேயே பிறந்த தாத்தாவை இந்தியாக்காரன் என்று அனுப்பினார்கள். இந்தியாவுக்கு வந்தால் இலங்கைக்காரன் என்றார்கள்!

நண்பர்களே, பக்கத்து நாட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வது உலகமெங்கும் உண்டு. யாழ்ப்பாணத்தில் நம்மை வடக்கத்தியான் என்பார்கள். நாம் அவர்கள் ஓம் சொல்வதைச் சொல்லிக் காட்டுவோம். இது உறவின் அடையாளம். கேலிக்கு ஆளானவன் திருப்பிக் கேலி செய்ய முடிகிறவரைக்கும் அது சிநேகம். அவனைப் பேசவிடாமல், நீ இன்னார்தான் என்று நாமே முடிவு கட்டி, அதைச் சட்டத்திலும் எழுதிவிட்டால் அங்கே சிரிப்பு செத்துப் போகும். இராமநாதன் போன்ற மேதையே ஒருமுறை அந்த முடிவைக் கேட்காமல் கட்டிவிட்டார் என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

அடுத்த முறை குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனால், அங்கிருந்து பழனி மலையைத் தேடும்போது ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரப் பெண்மணி, இலங்கைக் கணவர், தமிழ்க் கடவுள், நம்ம மலை. எந்த நாட்டுக் கோயில் இது என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?