குத்தூசியும் ஆறு புள்ளிகளும்



பார்வையற்ற பிள்ளைகள் விரல் நுனியால் தடவிப் புத்தகம் வாசிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். காகிதத்தில் புடைத்து நிற்கும் அந்தப் புள்ளி எழுத்துக்குப் பிரெய்ல் என்று பெயர். அது ஒரு மனிதருடைய பெயர். அவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர் அல்லர். மூன்று வயது வரையில், உங்கள் வீட்டுக் குழந்தையைப் போலவே, வெயிலையும் தாயின் முகத்தையும் கண்டு மகிழ்ந்தவர்.

பிரெஞ்சு தேசத்தில், பாரிஸ் பட்டணத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரத்தில், கூவ்ரே என்றொரு கிராமம் உண்டு. 1809-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி லூயி பிரெய்ல் அங்கே பிறந்தார். தகப்பனார் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. நாலு பிள்ளைகளில் லூயி கடைக்குட்டி. 1812-ல் ஒருநாள் பாலகன் தகப்பனாரின் பட்டறைக்குள் நுழைந்து, அவர் செய்வதுபோலத் தோலில் துளைபோட ஆசைப்பட்டான். கை வழுக்கிக் குத்தூசி ஒரு கண்ணில் பாய்ந்தது. காயம் சீழ்ப்பிடித்தது. சில காலத்துக்குள் அடிபடாத கண்ணும் அழற்சி கண்டு மங்கிற்று. ஐந்து வயதில் அவனுக்கு எல்லாம் இருட்டாகிவிட்டது.

குத்துப்பட்டது ஒரு கண். போனது இரண்டு கண்ணும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் பிள்ளையை மூலையில் உட்கார்த்தி வைத்து அழுதுகொண்டிருக்கவில்லை. தகப்பனார் ஊன்றி நடக்கக் கோல் செய்து கொடுத்தார்; ஆணிகளை எழுத்து வடிவில் அடித்து, தடவிப் பார்த்து எழுத்தறியச் செய்தார். அவ்வூர்ப் பங்குக் குருவானவர் பல்லுயி சுவாமியார் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு லூயி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, காதால் கேட்டே பாடம் கற்றான்.

1819-ல், பத்தாம் வயதில், பாரிஸில் பார்வையற்ற இளைஞருக்கென்று இருந்த அரசாங்கப் பள்ளியில் சேர்ந்தான். அங்கிருந்த புத்தகங்களில் சாதாரண எழுத்துக்களையே பெரிதாகப் புடைக்க அச்சிட்டிருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் படிக்க நெடுநேரம் பிடிக்கும். பிள்ளைகள் தாங்களே எழுதவோ வழியில்லை. அச்சமயம் பார்பியே என்னும் படை அதிகாரி, இருட்டில் விரலால் வாசிக்கத்தக்க ஒரு புள்ளி முறையை அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். அதில் ஓர் அடையாளத்துக்குப் பன்னிரண்டு புள்ளி வரை வரும். ஒரே விரல் நுனிக்குள் அது அடங்காது. லூயி அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். அந்த ஆறிலிருந்து 63 அடையாளங்கள் உண்டாயின. எழுத்து, எண், சங்கீதக் குறிப்பு எல்லாம் அவற்றில் அடங்கின. 1824-ல் அம்முறை உருவானபோது அவருக்கு வயது பதினைந்து. 1829-ல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். புள்ளிகளைக் காகிதத்தில் குத்தி எழுதும் கருவியும் ஒரு சிறு குத்தூசி போன்றதே!

பிற்பாடு அதே பள்ளியில் ஆசிரியரானார். பாரிஸ் கோயில்களில் ஆர்கன் வாசித்தார். ஆயினும் 1840-க்குப் பின் வந்த தலைமை அதிகாரி அவருடைய எழுத்தைப் பள்ளியில் விலக்கி வைத்தார். மாணவர்களோ மறைவாக அதிலேயே எழுதி வந்தார்கள். 1844-ல் தடை நீங்கிற்று. அதற்குள் க்ஷயரோகம் அவரை வாட்டியிருந்தது. 1852-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, 43-ம் வயதில் மரித்தார். இரண்டு வருஷம் கழித்தே அவருடைய எழுத்து அப்பள்ளியில் முறைப்படி ஏற்கப்பட்டது. 1951-ல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாகப் பாரதி பிரெய்ல் ஏற்பட்டு, தமிழும் அந்த ஆறு புள்ளிகளில் அடங்கிற்று.

அவரைப் புகழ்வதோடு நின்றால் பாடத்தில் பாதிதான் படித்தவர்களாவோம். கிருமிகளால் காயம் சீழ்ப்பிடிக்கிறதென்று 1812-ல் மருத்துவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். ஆகையால் நமக்குப் போக்குச் சொல்ல இடமில்லை.

பிள்ளையின் கண்ணில் கூரான பொருள் குத்தினால், கசக்க விடாதீர்கள். குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு ஒன்றும் விடாதீர்கள். கண்ணை அழுத்தாமல் மூடி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சுண்ணாம்பு பட்டாலோ, முதலில் சுத்தமான தண்ணீரைத் தாராளமாக விட்டு வெகுநேரம் கழுவுங்கள். பிறகு தாமதமின்றிப் புறப்படுங்கள்.

இன்னொன்று. கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கிற கிளாக்கோமா வயோதிகருக்கு மட்டும் வருவதன்று. பந்தோ கில்லியோ பட்ட கண்ணில் வலி தீர்ந்து பல வருஷம் சென்றபின்னும் அது வரலாம். கண் அரிப்புக்கென்று கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தாலும் வரலாம். பெரும்பாலும் வலி இராது. ஓரப் பார்வை சிறிது சிறிதாகக் குறையும். இழந்த பார்வை திரும்பாது. ஆனால் வேளையோடு கண்டுபிடித்தால், இருப்பதைக் காப்பாற்ற மருந்தும் சிகிச்சையும் உண்டு. ஆகவே அடிபட்ட கண்ணையும், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் உள்ள பிள்ளைகளின் கண்களையும் மருத்துவர் சொல்லும் கெடுவில் தவறாமல் காட்டுங்கள்.

லூயியைப் போன்ற மேதை ஆயிரத்தில் ஒருவர் கூட இல்லை. கண்ணோ ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டுதான். கோணி ஊசி, கத்தரிக்கோல், சுண்ணாம்பு டப்பா இவை உங்கள் வீட்டில் எங்கே இருக்கின்றன? இன்றைக்கே பாருங்கள், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் எடுத்து வையுங்கள்.