சேப்பாக்கத்தில் 215 ரன், சிறையில் 20 மாதம்: யார் இந்த சதாசிவம்?

1947-ல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணியின் பந்துவீச்சை ஒரு இலங்கைத் தமிழர் வெளுத்துக் கட்டினார். ஸ்கோர் 215. பெயர் மகாதேவன் சதாசிவம். ரசிகர்களுக்கு 'சதா'.

1915-ல் பிறந்தவர். கொழும்பு வெஸ்லி கல்லூரி மாணவர், தமிழ் யூனியன் கிளப்பின் நட்சத்திரம். முரட்டு அடி கிடையாது, எல்லாமே டைமிங்தான். லேட் கட் அவரோட ஸ்பெஷல். 1948-ல் கொழும்பில் பிராட்மேனின் ஆஸ்திரேலியாவை எதிர்கொண்ட இலங்கை அணிக்கு இவர்தான் கேப்டன்.

இவ்வளவு திறமை இருந்தும் ஆடிய முதல்தர ஆட்டங்கள் வெறும் 11. ஏன்?

ஒரு காரணம் அவரேதான். ராத்திரி பார்ட்டி, காலையில் பேட்டிங் என்று பேர் எடுத்தவர். கட்டுப்பாடு அவருக்குச் சரிப்பட்டு வரலை.

இன்னொரு காரணம், வழக்கு. 1951-ல் அவருடைய மனைவி கொழும்பு வீட்டில் கொல்லப்பட்டுக் கிடந்தார். சதாசிவம் கைதானார். வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். தடயவியல் நிபுணர் சிட்னி ஸ்மித்தின் சாட்சியமும் கைகொடுத்தது. 1953-ல் ஜூரி அவரை நிரபராதி என்றது. அதற்குள் 20 மாதம் சிறையில் போயிருந்தது. பிறகு கடல் கடந்து சென்று சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் கேப்டன் ஆனார்.

மூன்றாவது காரணம் அவர் கையில் இல்லை. அவர் காலத்தில் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்தே கிடையாது. சதாசிவம் இறந்தது 1977-ல். இலங்கை முதல் டெஸ்ட் ஆடியது 1982-ல்.

திறமையை வீணடித்தவர் என்று அவரைச் சுலபமா சொல்லிவிடலாம். ஆனால் நிரூபிக்க ஒரு டெஸ்ட் வாய்ப்புகூட அவருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.