வீட்டு வாசலில் நின்று கணக்கெடுத்த குமரப்பா

சாமளாபுரத்து விசைத்தறிக்காரரிடம் திருப்பூரின் ஏற்றுமதித் தொகையைச் சொல்லிப் பாருங்கள்; தமக்குக் கிடைக்கும் மீட்டர் கூலியைச் சொல்லுவார். இரண்டும் ஒரே வட்டாரத்தின் கணக்குதான். எதை ஏட்டில் ஏற்றுவது என்பதில்தான் அரசியல்.

இதை நன்கறிந்தவர் ஜே.சி.குமரப்பா. 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் தணிக்கை பயின்று, பம்பாயில் தொழில் நடத்தியவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே, இந்திய வறுமைக்கும் பிரிட்டிஷ் அரசின் நிதி முறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்.

1929இல் காந்தியைச் சந்தித்த பின், கேடா மாவட்டத்தின் மாத்தர் வட்டத்தை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது. குஜராத்தி தெரியாது. வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். அரசுப் பதிவேட்டில் நிலமும் வரியும் இருந்தன. இவர் விதைச் செலவையும் மாட்டுத் தீவனத்தையும் கடனையும் கேட்டார். உழுதவர் கையில் ஒன்றும் மிஞ்சாத இடத்திலும் நிலவரி வசூலானதை அந்த ஆய்வு காட்டியது.

1931இல் இந்தியாவின் பொதுக்கடனை ஆராய்ந்த காங்கிரஸ் குழுவிலும் இருந்தார். கம்பெனியின் போர்ச்செலவுகளை இந்தியர் தலையில் எழுதியிருந்த கணக்கு அது.

2017-18ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவு ஆய்வை, தரவின் தரம் சரியில்லை என்று கூறி 2019இல் மத்திய அரசு வெளியிடாமல் நிறுத்தியது. குமரப்பா இருந்திருந்தால் படிவங்களைத் தாமே கேட்டிருப்பார். விடுதலைக்குப் பின் காங்கிரஸ் ஆட்சியையும் அவர் விட்டுவைக்கவில்லை. இறுதி ஆண்டுகளைத் தே.கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று மதுரையில் காலமானார்.